ஓசைக்கு ஒரு துப்பாக்கி

குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவனுக்குச் சம்பளமில்லாத உபதொழில் ஒன்று உண்டு. பிறருக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மனு, பாஸ் தொலைந்தமைக்கு மனு, குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுவதற்கு மனு என்று இதுகாறும் நான் எழுதிக் கொடுத்தவற்றைக் கட்டிவைத்தால் ஒரு சரக்கு வாகனை நிரப்பலாம் என்று என் மனைவி சொல்லுவாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு இந்த மதிப்பாவது கிடைக்கிறதே என்று நானும் மறுப்பதில்லை. ஆயினும், துப்பாக்கிக்காக மனு எழுத வேண்டும் என்று ஒருவர் என் மேசையருகில் வந்து நின்றது இந்தத் தை மாதத்தில்தான் முதல் தடவை.

வந்தவர் எங்கள் பிரிவில் கலாசியாக இருக்கும் மராத்தி நண்பர். சோலாப்பூர் மாவட்டத்தில் பார்ஷிக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவருக்குச் சொந்த ஊர். “ஆபாவின் பெயரில் உள்ள துப்பாக்கி லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அண்ணா. மார்ச் மாதத்தோடு தவணை முடிகிறது” என்றார். (தென்னாட்டாரை ‘அண்ணா’ என்று விளிப்பது இப்பக்கத்து வழக்கம். வயதில் என்னினும் மூத்தவர் அவர்!)

“துப்பாக்கி எதற்கு ஐயா?” என்று வினவினேன்.

“குருவிக்கு” என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தைப் பிரித்து, ஆயுதம் எக்காரணத்திற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்கும் கட்டத்தில் விரலை வைத்தார். “ஊரிலேயே குடியிருந்து, நிலத்தை நானே உழுது, பயிரை நானே காத்து வருகிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதுங்கள்.”

அவர் குடியிருப்பது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் நான்காம் வீடு. அவர் காலையில் சைக்கிளில் ஏறுவதை நாள்தோறும் காண்கின்றவன் நான். எழுதுகோலை மூடி வைத்தேன். என் தயக்கத்தைக் கண்டுகொண்ட அவர், “சனிக்கிழமை மாலை என்னோடு வாருங்கள். ஹுர்டா தின்னலாம். ஆபாவையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்” என்று அழைத்தார். சென்றேன்.

குருட்வாடியில் இறங்கி லாத்தூர்க் கிளைப்பாதையில் பார்ஷிக்குப் போக வேண்டும். 1897ஆம் ஆண்டில் இரண்டரை அடி அகலக் குறும்பாதையாகத் திறக்கப்பட்ட பார்ஷி லைட் ரயில்வேயின் முதல் துண்டு இதுவே. அப்பொழுது பொம்மை ரயில், இப்பொழுது அகலப்பாதை. அதைப் பற்றித் தனியே எழுத ஆசையுண்டு; பின்னொரு திங்களில் பார்ப்போம். பார்ஷியிலிருந்து நண்பரின் தம்பி மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றான். ஊர் எல்லையில் இறங்கி வயலில் கால் வைத்தபோது எனக்கு ஒரு கணம் இடமே மறந்து போயிற்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் அங்கே என் செருப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதே கறுப்பு, அதே வெடிப்பு.

இம்மண்ணில் சோளம் விளைவிக்கும் முறை அலாதியானது. மழை ஓயும் தருவாயில், செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள். பிறகு வானமும் பார்ப்பதில்லை, கிணறும் இறைப்பதில்லை. கரிசல் தன்னுள் பிடித்துவைத்த ஈரத்தையும் பனியையும் உண்டு பயிர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. இந்த மாவட்டத்து மோஹோளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘மால்தாண்டி 35-1’ என்னும் இரகத்துக்கு இன்றும் தனி மதிப்பு. தானியம் மனிதருக்குப் பாக்ரி. தட்டை மாட்டுக்குத் தீவனம். ஜனவரியில் கதிர் பால்கட்டி இறுகத் தொடங்கும். அறுவடைக்கு இன்னும் நான்கைந்து வாரம் இருக்கும் அந்தச் சமயம் பார்த்துத்தான் விருந்தாளிகள் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எங்களைப் பெரியவர் எழுப்பிவிட்டார். 76 வயது. தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் கம்பளி, கையில் துப்பாக்கி. நான் அவரைக் ‘காகா’ என்றழைத்தேன். அவர் என்னைப் ‘பாளா’ என்று குழந்தையாக்கிவிட்டார். வயலின் நடுவில் நான்கு கால் நட்டு, மேலே பலகை கட்டியிருந்தது. நம்மவர் பரண் என்பதை இவர்கள் மாளா என்கிறார்கள். நாம் கவண் என்பது இவர்களுக்குக் கோஃபண். ஏறி அமர்ந்தோம்.

கிழக்கு வெளுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் அடிவானத்தில் புகை எழுந்தாற்போல் ஒன்று தோன்றியது. புகை திரும்பியது, மடிந்தது, விரிந்தது. அருகில் வந்தபோதுதான் அத்தனையும் சிறகு என்று தெரிந்தது. தலையும் சிறகும் கறுப்பு, உடல் இளஞ்சிவப்பு. நம்மூரில் சூறைக்குருவி, சோளக்குருவி என்பார்கள், இங்கே போர்டி. ஆயிரமா, ஐயாயிரமா என்று எண்ணுவதற்குள் வயலின் ஒரு மூலையில் மழைபோல் இறங்கிவிட்டன. பின்பு கேட்டது ஒரு சத்தம். எண்ணெயில் அப்பளம் இட்டாற்போன்ற சடசடப்பு. அத்தனை அலகும் ஏக காலத்தில் கதிரை உருவுகின்ற சத்தம் அது.

பெரியவர் அவசரப்படவில்லை. அவசரப்பட முடியாத துப்பாக்கி அது. தோட்டா போட்டு மடக்கும் நவீன ஆயுதம் அன்று. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய சாதி. மராத்தியில் டாஸணீ பந்தூக் என்றும் இந்தியில் பர்மார் என்றும் சொல்கிறார்கள். நம்மூர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக் குழாய்க்கு மருந்து கெட்டிப்பதைக் கண்ட அன்பர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. முதலில் இரும்புக் கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். கோலில் ஓர் அரத்தால் கீறிய அடையாளம் இருந்தது. வெற்றுக் குழலில் அந்தக் கீறல் வாய் விளிம்போடு சரியாக நிற்கும். விளிம்புக்கு மேலே தெரிந்தால் உள்ளே பழைய மருந்து கிடக்கிறது என்று பொருள். அதன்மேல் இன்னொரு மருந்தைக் கெட்டித்துக் குழல் வெடித்துக் கை இழந்தவர்களின் கதை இப்பக்கத்துக் கிராமங்களில் உண்டு. பிறகு ஒரு பித்தளை மூடியால் கருமருந்தை அளந்து கொட்டினார். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் சேர்ந்த அதே பழைய கலவை. அதன்மேல் சக்கை வைத்து இடித்தார். குழலின் அடியிலுள்ள முளையின் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, சிறு செம்புத் தொப்பியான கேப்பை அதன்மேல் பொருத்தினார். இதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குருவிகள் தம் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தன.

“ஈயக்குண்டு போடவில்லையே, காகா?” என்றேன்.

“போடுவதில்லை” என்று சொல்லி, வானத்தை நோக்கிக் குதிரையை இழுத்து விசையை அழுத்தினார்.

அம்மம்மா! அந்த ஓசை நெஞ்சுக்கூட்டில் இடித்தது. வெண்புகை பரணை மூடிவிட்டது. கந்தக நாற்றம். வயலின் மூலை அப்படியே பெயர்ந்து வானுக்கு எழுந்தாற்போல் கூட்டம் கிளம்பி, ஒரு வட்டமிட்டு, வேலிக்கு அப்பால் இன்னொருவர் சோளத்தில் இறங்கியது. “என் துப்பாக்கி அடுத்தவன் வயலுக்குத் தபால் அனுப்புகிறது” என்றார் பெரியவர். சற்று நேரத்தில் அங்கே தகரம் ஒலித்தது. தபால் எங்களுக்கே திரும்பி வந்தது.

வெயில் ஏறுமட்டும் இவ்வாறே நடந்தது. ஆறு முறை சுட்டார். முதல் ஓசைக்குக் கால்மணி நேரம் விலகியிருந்த குருவிகள், ஆறாம் ஓசைக்குக் கொஞ்சம் எழுந்து, புகை கலையும் முன்னரே அமர்ந்தன. பிறகு நண்பரும் தம்பி மகனும் வயலுக்குள் இறங்கி, ஆளுக்கொரு மூலையில் நின்று, கத்தியும் கவண் சுழற்றியும் ஓட்டினார்கள். அதற்குத்தான் அவை மெய்யாகவே அஞ்சின.

ஹுர்டா தின்றுகொண்டே பேசினோம். பால் முற்றிய கதிரை வறட்டித் தணலில் வாட்டி, உள்ளங்கையில் சூட்டோடு தேய்த்து, உமி ஊதிக் கொடுக்கிறார்கள். நிலக்கடலையும் பூண்டும் இடித்த பொடி தொட்டுக்கொள்ள. அதன் ருசியை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பெரியவர் சொன்ன கதை இது. துப்பாக்கியை வாங்கியவர் அவருடைய தந்தை, 1965இல். அக்காலத்தில் மெய்யாகவே குண்டு போட்டார்கள். சிறுசிறு ஈய ரவையாகக் கெட்டித்துச் சுட்டால் முப்பது நாற்பது கஜத்துக்குள் விசிறிபோல் பரந்து போகும். ஒரு வெடிக்குப் பத்துப் பன்னிரண்டு குருவி விழும். விழுந்தவற்றைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். சிலர் சமைத்தும் உண்டார்கள். “ஐயாயிரத்தில் பன்னிரண்டு போனால் மீதி எவ்வளவு என்று என் தந்தை கணக்குப் பார்க்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு, எனக்குத் தெரிந்தது” என்றார். ரவை பட்டுக் கதிரும் உதிர்ந்ததாம். நவம்பரில் விழுந்த குருவி ஒன்றை இவர் அறுத்துப் பார்த்தபோது இரைப்பை நிறைய வெட்டுக்கிளியும் புழுவும் இருந்தனவாம். ஜனவரிக் குருவியில் சோளம். “ஒரே ஆள்தான். முதல் இரண்டு மாதம் எனக்கு வேலை செய்கிறான். பிறகு கூலியை அவனே எடுத்துக்கொள்கிறான்.”

பெரியவர் சொன்னது பொய்யன்று. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை அங்கே வெட்டுக்கிளியைத் தின்றே வாழ்கிறது. சீனத்தின் ஷின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியை அழிப்பதற்காகவே இதற்குக் கூடு கட்டிக் கொடுத்து வரவழைக்கிறார்கள். ஓரிடத்தில் வீடு கட்டி அழைக்கப்படுபவன் மற்றோரிடத்தில் தகரம் தட்டி விரட்டப்படுகிறான். வெளியூரில் பிழைக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

நிற்க. ஊர் திரும்பியபின் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு துப்பாக்கி கொடுக்கலாம். மெதுவாகச் சுடும் துப்பாக்கி உழவனுக்குப் போதும் என்று சர்க்கார் எண்ணியது போலும். பின்னர் 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவைகளைச் சுடுவது குற்றமாயிற்று. காக்கை மட்டும் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்ந்து, கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் நெடுநாள் கிடந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்தப் பட்டியலே நீங்கி, 2023 ஏப்ரல் முதல் தேதியோடு அதற்கும் விமோசனம் கிடைத்தது. ஆக, ஒரு சட்டம் பெரியவர் குடும்பத்துக்குத் துப்பாக்கியைக் கொடுத்தது. மற்றொரு சட்டம் அதனுள்ளிருந்த குண்டை எடுத்துக்கொண்டது. எஞ்சியது ஓசை.

அந்த ஓசையும் எப்பொழுதும் கையிலிருப்பதில்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுவது வழக்கம். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்துக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வாக்குப்பதிவு நடந்தபோது, கதிர் பால்கட்டிய வாரங்களில் பெரியவரின் துப்பாக்கி ரசீதாக மாறி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. “ரசீதைக் காட்டினால் குருவி ஓடாது” என்றார்.

இவ்வளவும் இருந்தும் முன்னே சோளம் வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்டேன். அவர் கையை நீட்டி நாற்புறமும் காட்டினார். ஒருபுறம் கரும்பு, ஒருபுறம் திராட்சைப் பந்தல், அப்பால் சோயா அறுத்த வெறுங்கட்டை. முன்பு கண்ணுக்கெட்டிய மட்டும் சோளமே இருந்தது. வந்த குருவி ஊரெல்லாம் பங்கு வைத்துத் தின்றது. ஒவ்வொரு வயலிலும் ஒரு பரண், ஒவ்வொரு பரணிலும் ஒரு பிள்ளை. இப்பொழுது ஊருக்கு நான்கு வயல் சோளம். குருவி குறையவில்லை, முழுப் பந்திக்கும் நான்கே இலை போட்டிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அது நல்லதே என்று அவரே சொன்னார். படித்து முடித்தவர்கள் பூனாவிலும் சோலாப்பூரிலும் இருக்கிறார்கள். சொல்லும்போது மகனைப் பார்க்கவில்லை, தணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கு என் அப்பத்தாளின் நினைவு வந்தது. பொங்கல் விடுமுறையில் கம்புக் கொல்லையில் பரண்மேல் என்னை உட்கார்த்திவிட்டு, கையில் ஒரு டால்டா டின்னைக் கொடுப்பாள். “தட்டுடா, தூங்காதே” என்று கீழிருந்து குரல் வரும். அக்குரல்தான் குருவிக்கும் எனக்கும் ஒருங்கே பயம். சங்க காலத்துக் குறிஞ்சிப் பெண்களும் தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளால் கிளி ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. அதற்குக் கிளிகடிதல் என்று பெயர். கடிதல் என்றால் ஓட்டுதல். கொல்லுதலுக்கு அங்கே வேலையில்லை. மராத்தியில் இவர்கள் இவ்வேலையை ராகண் என்கிறார்கள். காவல் என்று பொருள்.

புறப்படும் நேரத்தில் படிவத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. எழுபது வயது நிறைந்தவர் தம் வாரிசுக்கு உரிமத்தை மாற்றிக் கொடுக்க 2016ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. அதில் சிக்கலில்லை என்று நான் விளக்கினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று பெரியவர் கேட்டார். நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் தாம் எழுதச் சொன்னதைத் தாமே சொன்னார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கிருந்து காக்கிறாய்? குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்தா?” என்றார்.

நண்பருக்கு முகம் சுருங்கியது. “நான் வைத்துக்கொள்ளாவிட்டால் தாத்தாவின் துப்பாக்கி போலீஸ் கிடங்கில் துருப்பிடிக்கும், ஆபா.”

“என் கண்ணில் புரை விழுந்துவிட்டது. இன்று கேப்பை இரண்டு முறை தவறவிட்டேன், நீ பார்த்தாய். ஈரக்காலையில் ஒருநாள் கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்காமல் இருந்து, குழலை நான் திருப்பியபின் வெடித்தது. இந்தக் கை அப்படி வெந்ததுதான்” என்று இடக்கையை விரித்துக் காட்டினார். “ஊரில் இல்லாதவன் பெயரில் துப்பாக்கி இருந்தால் அதை எடுப்பவன் யார்? உன் தம்பி மகன். வயது பதினேழு. எழுத வேண்டாம்.”

அவர்கள் குடும்ப விவகாரத்தில் நான் வாய் திறக்கவில்லை. திறக்கும் தகுதியும் எனக்கில்லை. என் பணிப்பதிவேட்டில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் கோவில்பட்டித் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. அந்த வீட்டின் கூரை விழுந்து பல ஆண்டுகள் ஆயின, கொல்லையில் வேலிக்கருவை. ஒவ்வொரு படிவத்திலும் அதே முகவரியைத்தான் எழுதுகிறேன். கை தானாக எழுதுகிறது. நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தை நிரப்பும் அன்பர்களில் எத்தனை பேருக்கு அங்கே விளக்கேற்றும் வீடு இருக்கிறதோ, அறியேன்.

பெரியவர் மகனிடம் கேட்டது வேறொன்று: “ஆண்டுக்கு எத்தனை நாள் லீவு கொடுக்கிறான் உன் ரயில்வே?”

இதற்கு மட்டும் நான் விடை சொன்னேன். என் இலாகா அது. சராசரிச் சம்பள விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். ஜனவரி முதல் தேதி 15, ஜூலை முதல் தேதி 15 என்று கணக்கில் ஏறும். நண்பர் அவ்விடுப்பைச் சேர்த்து வைத்துப் பணமாக்கும் எண்ணமுள்ளவர். பிள்ளைகள் இருவர் கல்லூரிக்குப் போகவேண்டும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இரயிலில் திரும்பி வரும்போது குருட்வாடி வரையில் அவர் பேசவேயில்லை.

மறுவாரம் என் மேசைக்கு வந்தார். துப்பாக்கிப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விடுப்புப் படிவம் ஒன்றை வைத்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘பயிர்க் காவல்’ என்று எழுதச் சொன்னார். ‘குடும்ப அலுவல்’ என்று போட்டால் கேள்வி வராது என்று அனுபவத்தால் சொன்னேன். “இதையாவது உள்ளபடி எழுதுங்கள், அண்ணா” என்றார். எழுதினேன். மேலதிகாரி அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, இது என்ன என்று ஓரத்தில் கேட்டு அனுப்பினார். விளக்கம் எழுதினேன். கேட்டது 15 நாள்; கிடைத்தது 9.

துப்பாக்கியை மார்ச்சில் தவணை முடியும்போது காவல் நிலையத்தில் ஒப்படைப்பதாகப் பெரியவர் முடிவு செய்திருக்கிறார். எஞ்சிய மருந்து ஆறேழு வெடிக்கு வரும் என்று கேள்வி. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரமிருக்க, நண்பருடைய ஒன்பது நாள் எம்மாத்திரம் என்று நானும் கணக்குப் பார்த்தேன். மீதி நாட்களுக்கு, காற்றில் அதிரும் மினுக்கு நாடா வாங்கிக் கட்டப் போவதாகவும், அதற்கும் குருவி பழகிவிடும் என்பது தமக்குத் தெரியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை தொலைபேசியில் அழைத்தார். முதலில் யாரென்றே தெரியவில்லை. தொண்டை முழுவதும் கட்டிப்போயிருந்தது. பேச்சுக்கிடையே தகரம் தட்டும் ஓசை கேட்டது. அதற்கும் அப்பாலிருந்து, “பேசினது போதும், மேற்கு மூலையைப் பார்” என்று பெரியவர் அதட்டுவதும் கேட்டது. நண்பர் ‘வைக்கிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் ஓடிவிட்டார்.